‘ஃபேன்டேசியா’வை வரைந்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1940இல் வெளிவந்த ‘ஃபேன்டேசியா’வைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே வால்ட் டிஸ்னியின் பெயரும் மிக்கி மவுஸின் கூம்புத் தொப்பியும் முன்னால் வந்து நின்றுவிடுகின்றன. மேசையில் குனிந்து அந்தப் படத்தை வரைந்தவர்களைப் பற்றிக் கேட்பவர்கள் அனிமேஷன் மாணவர்களும், அவர்களைவிடக் கூர்மையாகக் கேட்கும் இசை ரசிகர்களும்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

படத்தைப் பார்க்காதவருக்குச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மேற்கத்தியச் செவ்வியல் இசையில் எட்டுப் படைப்புகள். ஒவ்வொன்றையும் கேட்டுக் கற்பனை செய்த அனிமேஷன். பாக், சைகோவ்ஸ்கி, டூகாஸ், ஸ்ட்ராவின்ஸ்கி, பீத்தோவன், பொன்கியெல்லி, முசோர்க்ஸ்கி, ஷூபர்ட் என்பது வரிசை. இசையை நடத்தியவர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி. இசை விமர்சகர் டீம்ஸ் டெய்லர் இடையிடையே வந்து அடுத்த பகுதியை அறிமுகம் செய்வார். பகுதிகளுக்குள் வசனம் கிடையாது. ஆகவே, சிரிப்பு, அச்சம், பக்தி என எதுவானாலும் அதை வரைகோடுதான் சொல்ல வேண்டும்.

இதைக் கூட்டுப் படைப்பு என்று ஏன் சொல்கிறார்கள்? எல்லா அனிமேஷன் படமும் கூட்டு வேலைதானே?

உண்மைதான். ஆனால் ஒரு சாதாரண முழுநீளப் படத்தில் எல்லோரும் ஒரே கதையை, ஒரே பாணியில் வரைகிறார்கள். இங்கே ஒவ்வொரு பகுதிக்கும் தனி இயக்குநர், தனிக் குழு, தனிப் பாணி. ஜேம்ஸ் அல்கார் ‘மந்திரவாதியின் சீடன்’ பகுதியை இயக்கினார். வில்ஃப்ரெட் ஜாக்சன் ‘மொட்டை மலையில் ஓர் இரவு’ பகுதியை எடுத்துக்கொண்டார். நீர்யானைகள் பாலே ஆடும் ‘நாழிகைகளின் நடனம்’ டி. ஹீ, நார்மன் ஃபெர்குசன் ஆகிய இருவரிடம் போனது. கதைப் பொறுப்பு ஜோ கிரான்ட், டிக் ஹ்யூமர் இருவருடையது.

இத்தனைக்கும் தொடக்கம் ஒரு குறும்படம். மிக்கியை வைத்து டூகாஸின் ‘மந்திரவாதியின் சீடன்’ இசைக்கு ஒரு படம் எடுக்க நினைத்தார்கள். 1938 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில், அந்த ஊர் இசைக்கலைஞர்களைத் திரட்டி ஸ்டோகோவ்ஸ்கி அதைப் பதிவு செய்தார். செலவு ஒரு குறும்படம் தாங்கும் அளவைத் தாண்டிப் போனதால், அதைச் சுற்றி முழுநீள ‘கச்சேரிப் படம்’ ஒன்றைக் கட்டும் யோசனை வலுத்தது. மற்ற பகுதிகளுக்கான இசையை 1939இல் ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ரா தன் ஊரின் அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில் வாசித்தது.

வாசித்த இசை அனிமேட்டரின் மேசைக்கு எப்படி வந்து சேர்ந்தது?

இந்த வேலையின் உயிர்நாடியே இதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், ஓடுகிறது, நிமிடத்துக்கு 1,440. நிமிடத்துக்கு 120 தட்டு விழும் இசை என்றால் ஒரு தட்டுக்குச் சரியாக 12 ஃபிரேம். 144 என்றால் 10 ஃபிரேம். பழைய குறும்படங்களில் இயக்குநரும் இசையமைப்பாளரும் சேர்ந்து உட்கார்ந்து, இந்தக் காட்சிக்கு 12 ஃபிரேம் தாளம், அடுத்ததற்கு 8 என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்கள். அனிமேட்டர் அந்தக் கணக்கில் வரைவார். பிறகு இசைக்குழு காதில் ‘டிக் டிக்’ ஒலியைக் கேட்டபடி அதே வேகத்தில் வாசிக்கும். அங்கே இசைதான் படத்துக்கு வளைந்து கொடுத்தது.

‘ஃபேன்டேசியா’வில் அது தலைகீழாயிற்று. ஸ்டோகோவ்ஸ்கி ‘டிக் டிக்’ கேட்டு நடத்துகிற ஆள் இல்லை. இசைச் சொற்றொடர் ஒன்றின் முடிவில் இழுப்பார், உச்சிக்குப் போகும்போது முடுக்குவார். தட்டுக்கு 14 ஃபிரேம், அடுத்ததற்கு 15, அதற்கடுத்து 17 என்று கணக்கு நழுவிக்கொண்டே இருக்கும். சீரான வேகத்திலேயேகூட இந்தச் சிக்கல் உண்டு: நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் ஒவ்வொன்றும் 14.4 ஃபிரேம். அரை ஃபிரேம், கால் ஃபிரேம் என்று எதையும் வரைய முடியாது. ஆகவே 14, 14, 15, 14, 15 என்று பங்கிட்டு ஐந்து தட்டில் கணக்கை நேர் செய்ய வேண்டும்.

அதனால் பதிவான ஒலியை ஃபிரேம் ஃபிரேமாக ஓடவிட்டு, எந்த ஃபிரேமில் தட்டு விழுகிறது, எங்கே புல்லாங்குழல் நுழைகிறது, எங்கே செண்டை போன்ற பெரிய டிரம் இடிக்கிறது என்று குறித்துக்கொடுப்பதற்கே தனி ஆட்கள் இருந்தார்கள். அந்தக் குறிப்புகள் அனிமேட்டரின் எக்ஸ்போஷர் தாளில் ஏறும். ஒரு வரிக்கு ஒரு ஃபிரேம் என நீண்டு இறங்கும் தாள் அது. அதைப் படித்தபடி, பக்கத்தில் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டபடிதான் வரைந்தார்கள்.

தட்டு விழும் ஃபிரேமிலேயே காலும் தரையைத் தொட வேண்டுமா?

பெரும்பாலும் ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னதாகத் தொட்டால்தான் கண்ணுக்குச் சரியாகப் படுகிறது. இது தொழிலில் எல்லோரும் அறிந்த பாடம். ஒலி ஒரு ஃபிரேம் நேரத்தில் 14 மீட்டர் தூரம்தான் போகிறது. பெரிய அரங்கின் பின்வரிசைக்காரருக்கு எப்படியும் இசை சற்றுத் தாமதமாகவே வந்து சேரும்.

இசையில் வரும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அசைவு வரைந்தால் போதுமா?

அப்படி வரைந்தால் பார்ப்பவருக்குத் தலை வலிக்கும். வயலின் ஏறினால் பாத்திரமும் படியேறுவது, டிரம் அடித்தால் கீழே விழுவது என்று இசையை நிழல்போல் பின்தொடரும் முறைக்கு ‘மிக்கி மவுசிங்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ஐந்து நிமிடக் குறும்படத்தில் அது வேடிக்கை. இரண்டு மணி நேரப் படத்தில் அது கொடுமை. நல்ல பரதக் கலைஞர் அபிநயம் பிடிக்கும்போது ஒவ்வொரு மிருதங்கச் சொல்லுக்கும் காலைத் தட்டிக்கொண்டிருப்பதில்லை அல்லவா, அதே விவேகம் இங்கும் வேண்டும். எதைக் கேட்பது என்பதைவிட எதைக் கேளாததுபோல் விடுவது என்பதில்தான் அனிமேட்டரின் சுதந்திரம் இருக்கிறது என்பது என் கட்சி.

‘நட்கிராக்கர்’ பகுதியில் வரும் காளான் நடனத்தைப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். அனிமேட்டர் ஆர்ட் பாபிட். பெரிய காளான்கள் தாளத்தோடு பிசகாமல் ஆடுகின்றன. குட்டிக் காளான் மட்டும் எப்போதும் ஒரு கணம் பிந்துகிறது, வரிசையில் இடம் தேடுகிறது, இடம் கிடைத்ததும் ஆட்டம் மாறிவிடுகிறது. இசையோடு சேராத அந்த ஒரு பாத்திரம்தான் நம் நினைவில் தங்குகிறது. முகபாவம் கிட்டத்தட்ட இல்லை, வசனம் இல்லை, குடையும் தண்டும்தான். அதிலிருந்து ஒரு குழந்தையின் பதற்றத்தைக் கொண்டுவந்துவிட்டார். காளான்களைச் சீனர்களைப்போல் வரைந்திருப்பது இன்றைய கண்ணுக்கு உறுத்தும், உறுத்தட்டும். ஆனால் அசைவின் கட்டமைப்பைக் கற்க இதைவிடச் சிறந்த ஒரு நிமிடம் எனக்குத் தெரியாது.

எடையும் அப்படித்தான். ‘நாழிகைகளின் நடனம்’ பகுதியில் வயலின் நரம்பைக் கிள்ளியதுபோன்ற மெல்லிய ஒலிக்கு நீர்யானை நுனிக்காலில் இறங்குகிறது. ஒலி இறகுபோல் இருக்கிறது. உடல் டன் கணக்கில். பாதம் தாளத்தில் இறங்க, வயிறும் தாடையும் சில ஃபிரேம் கழித்து வந்து சேரும். நகைச்சுவை முழுக்க அந்தச் சில ஃபிரேமில் இருக்கிறது.

நடன அசைவுகளை எங்கிருந்து எடுத்தார்கள்?

உண்மையான நடனக் கலைஞர்களை வரவழைத்தார்கள். பாலே ருஸ் குழுவின் இரினா பரோனோவா போன்றவர்கள் ஆடியதைப் பார்த்து நெருப்புக்கோழிக்கும் நீர்யானைக்கும் அசைவு கண்டுபிடித்தார்கள். ஆனால் படமெடுத்து வைத்ததை அப்படியே பிரதி எடுப்பவர் நல்ல அனிமேட்டர் ஆக முடியாது.

மொட்டை மலையின் அரக்கன் செர்னபாக்கை வரைந்த பில் டைட்லாவின் கதை இதற்குப் பொருத்தம். டிராகுலாவாக நடித்துப் புகழ்பெற்ற பெலா லுகோசியை மாதிரிக்காக அழைத்துவந்து படமெடுத்தார்கள். டைட்லாவுக்கு அது ஒட்டவில்லை. கடைசியில் இயக்குநர் வில்ஃப்ரெட் ஜாக்சனையே சட்டையைக் கழற்றச் சொல்லி, தனக்கு வேண்டிய அசைவைச் செய்யவைத்தார் என்று சொல்வார்கள். டைட்லா உக்ரேனிய வேர்கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் பேயின் நாட்டார் கதைகள் அவருக்கு அந்நியமானவை அல்ல. அரக்கனின் தோளும் விரல்களும் அசையும் விதத்தில் தசையின் கனம் தெரிகிறது. கோவில் மணி ஒலித்ததும் அவன் கூசிச் சுருங்கும் இடத்தில், அத்தனை பெரிய உருவம் ஓர் ஒலிக்கு அடிபடுவதை நம்புகிறோம்.

அனிமேட்டருக்கு இசை படிக்கத் தெரிந்திருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. இசைக் குறிப்பை வாசிக்கத் தெரியாமல் அருமையாக வரைந்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு சொற்றொடர் எங்கே தொடங்கி எங்கே மூச்சு வாங்குகிறது என்பது காதுக்குப் பிடிபட வேண்டும். தட்டை மட்டும் எண்ணுகிறவர்கள் படத்தைத் தையல் இயந்திரமாக்கிவிடுவார்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வரைவார்கள்?

அந்தக் காலத்தில் வேலையை அடிக்கணக்கில் அளந்தார்கள். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். ஒரு நொடிக்கு ஒன்றரை அடி. ஒரு நிமிடத்துக்கு 90 அடி. முழுநீளப் படத்தில் முக்கிய அனிமேட்டர் ஒருவர் வாரத்துக்குச் சில அடிகள்தான் முடிப்பார். அவர் வரைவது முக்கிய நிலைகளை. இடைப்பட்ட படங்களை உதவியாளரும் ‘இன்பிட்வீனர்’களும் நிரப்புவார்கள். வண்ணம் ஏறும் முன் பென்சில் படங்களை மட்டும் ஃபிலிமில் எடுத்துப் பார்க்கும் பென்சில் சோதனையைச் சிறிய திரையிடல் அறையில் போட்டுப் பார்ப்பார்கள். வியர்வைப் பெட்டி என்று அந்த அறைக்குச் செல்லப்பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை.

படத்துக்கு முன் இசையா, இசைக்கு முன் படமா? சண்டை வரவில்லையா?

வந்தது. பீத்தோவனின் ‘பாஸ்டோரல்’ பகுதி அதற்குச் சாட்சி. கிரேக்கப் புராண உயிரினங்களை வைத்து முதலில் யோசித்தபோது பியெர்னே என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் பாலே இசைதான் திட்டம். காட்சிகள் வளர வளர அந்த இசை போதவில்லை. எனவே பீத்தோவனின் ஆறாவது சிம்பொனியைக் கொண்டுவந்து, அதைப் பாதியளவுக்கு வெட்டிப் பொருத்தினார்கள். இந்த மாற்றத்தை ஸ்டோகோவ்ஸ்கியே விரும்பவில்லை. இசையிலிருந்து பிறக்காத படங்களுக்கு இசையைத் தேடிய பகுதி அது. படத்திலேயே பலவீனமான பகுதியும் அதுதான் என்பேன். அந்தப் பகுதியில் கறுப்பினப் பெண்ணைப் பணிவிடை செய்யும் குதிரையுடல் சிறுமியாக வரைந்திருந்தார்கள். 1969க்குப் பிந்தைய பிரதிகளில் அந்தக் காட்சிகளை நீக்கிவிட்டார்கள். வெட்டியது நல்லதுதான், வரைந்ததை மறைக்காமல் சொல்வதும் நல்லது.

இசையமைப்பாளர்களில் அப்போது உயிரோடு இருந்தவர் ஸ்ட்ராவின்ஸ்கி ஒருவர்தான். அவருடைய ‘வசந்தத்தின் சடங்கு’ 1913இல் பாரிஸில் அரங்கேறியபோது அரங்கம் அமளிதுமளியான கதை ஊரறிந்தது. டிஸ்னி குழுவினர் அதன் வரிசையை மாற்றி, சில இடங்களை நீக்கி, பூமி தோன்றியதிலிருந்து டைனோசர்கள் மறைவது வரையிலான கதையை அதன்மேல் ஏற்றினார்கள். பின்னாளில் ஸ்ட்ராவின்ஸ்கி அதைக் கடுமையாகச் சாடினார். டைனோசர் சண்டையை வரைந்தவர் வுல்ஃப்காங் ரைதர்மன். டைரனோசரஸுக்குக் கையில் மூன்று விரல் போட்டிருக்கிறார்கள்; உண்மையில் இரண்டுதான். அது சண்டையிடும் ஸ்டெகோசரஸோ அதற்கு ஏறத்தாழ எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துபோன உயிரினம். ஆனாலும் அந்த உடல்களின் கனத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

வரையாமலே வேலை செய்தவர்களும் உண்டா?

ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பிரிவினர். இவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு ஆதங்கம். ‘நட்கிராக்கர்’ பகுதியில் சுழன்று இறங்கும் பனிச்செதில்கள் செல்லுலாய்டில் வரைந்து வெட்டிய உருவங்கள். கறுப்பு வெல்வெட்டுக்கு அடியில் மறைத்த சிறு தண்டவாளங்களில் அவற்றை ஓடவிட்டு ஃபிரேம் ஃபிரேமாகப் படமெடுத்தார்கள். ஸ்ட்ராவின்ஸ்கி பகுதியில் கொப்பளிக்கும் எரிமலைக் குழம்புக்கு ஓட்ஸ் கஞ்சி, சேறு, காப்பிப்பொடி எல்லாம் கலந்து காற்றை ஊதியிருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் ஹெர்மன் ஷுல்தைஸ் என்ற தொழில்நுட்பக் கலைஞர் புகைப்படங்களோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்தார். அவர் 1955இல் குவாதமாலாவின் காட்டில் காணாமல் போனார். நோட்டுப் புத்தகம் 1990இல்தான் அவருடைய லாஸ் ஏஞ்சலஸ் வீட்டிலிருந்து வெளிப்பட்டது. அது கிடைத்திராவிட்டால் பல காட்சிகள் எப்படி எடுக்கப்பட்டன என்று இன்று ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும்.

கடைசிப் பகுதியான ‘ஆவே மரியா’வில் கேமரா காட்டுக்குள் நகர்ந்துகொண்டே போகும் நெடிய ஷாட்டைப் பற்றியும் ஒரு கதை உண்டு. முதல் முறை தவறான லென்ஸ் போட்டதால் வீண். இரண்டாம் முறை நிலநடுக்கம். மூன்றாம் முறை எடுத்த ஃபிலிம் முதல் காட்சிக்குச் சில மணி நேரம் முன்புதான் நியூயார்க் போய்ச் சேர்ந்ததாம்.

இவ்வளவு பெரிய கூட்டத்தில் தனிக் கலைஞனுக்கு இடமிருந்ததா?

ஆஸ்கர் ஃபிஷிங்கரைக் கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பார். ஜெர்மனியில் இருந்தபோதே இசைக்கு அரூப வடிவங்களை ஆடவைத்துப் பெயர் பெற்றவர் அவர். பாக் பகுதிக்காக அவரை வேலைக்கு எடுத்தார்கள். அவர் கொடுத்த வடிவங்களை மேலிருந்தவர்கள் எளிமைப்படுத்தி, வயலின் வில், மேகம் என்று அடையாளம் தெரியும் பொருள்களாக்கிக்கொண்டே போனார்கள். 1939இல் விலகிவிட்டார், பெயரும் இடம்பெறவில்லை. அதே ஸ்டூடியோவில் டென்மார்க்கைச் சேர்ந்த ஓவியர் கே நீல்சனின் வடிவமைப்பு மொட்டை மலைப் பகுதி முழுவதும் நிறைந்திருக்கிறது. ஆக, பகுதிக்குப் பகுதி நியாயம் வேறுபட்டது.

பெண்கள் இருந்தார்களா?

ஏராளமாக, ஆனால் பெரும்பாலும் அனிமேட்டரின் கோடுகளைச் செல்லுலாய்டில் நகலெடுத்து நிறம் தீட்டும் மை, வண்ணப் பிரிவில். பனித்துளித் தேவதைகளின் ஒளிபுகும் சிறகுகள் அவர்கள் கைவண்ணம். கட்டடக் கலை படித்த சில்வியா மோபர்லி ஹாலண்ட் ‘நட்கிராக்கர்’ பகுதிக்குக் கதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர். அனிமேட்டர் நாற்காலி அன்று ஆண்களுக்கே.

திரையில் பெயர் போட்டார்களா?

முதல் வெளியீட்டில் திரையில் பெயர்ப் பட்டியலே கிடையாது. இடைவேளையில் படத்தின் பெயர் மட்டும். கலைஞர்களின் பெயர்கள் அரங்கில் தந்த கையேட்டில் இருந்தன. கையேட்டை வாங்காதவருக்கு எல்லாமே வால்ட் டிஸ்னி வரைந்ததுதான்! ஊதிய ஏற்றத்தாழ்வு, பெயர் மறுப்பு, தொழிற்சங்க உரிமை ஆகியவை 1941 மே இறுதியில் வேலைநிறுத்தமாக வெடித்தன. காளான்களை வரைந்த பாபிட் அதன் தலைவர்களில் ஒருவர். அரக்கனை வரைந்த டைட்லாவும் வெளியே வந்து நின்றார். நல்ல ஊதியம் வாங்கிக்கொண்டிருந்த இவ்விருவரும் கடைநிலை ஊழியர்களுக்காக வாயிலில் நின்றது, அவர்கள் வரைந்த எதற்கும் குறையாத செயல்.

படம் ஓடியதா?

1940 நவம்பர் 13 அன்று நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் வெளியானது. ஃபேன்டசவுண்ட் என்ற பல்வழி ஒலியமைப்பைப் பொருத்தும் செலவு மிக அதிகம் என்பதால் ஒரு டஜனைச் சற்றே தாண்டிய அரங்குகளில்தான் முழுமையாகக் காட்ட முடிந்தது. போரால் ஐரோப்பியச் சந்தையும் மூடிக்கிடந்தது. சுமார் 23 லட்சம் டாலர் போட்ட பணம் திரும்பப் பல மறுவெளியீடுகள் ஆயின.

1999இல் வந்த இரண்டாம் படமான ‘ஃபேன்டேசியா 2000’இல் வேலை மாறியிருந்ததா?

கருவிகள் மாறியிருந்தன, ரோம் நகரப் பைன் மரங்களைப் பற்றிய ரெஸ்பிகியின் இசைக்குப் பறக்கும் திமிங்கிலங்களைக் கணினியில் உருவாக்கினார்கள். ஆனால் காதும் எக்ஸ்போஷர் தாளும் அவைதான். கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் ப்ளூ’ பகுதியை எரிக் கோல்ட்பெர்க் இயக்கினார். கேலிச்சித்திரக்காரர் ஆல் ஹிர்ஷ்ஃபெல்டின் கோடுகளை, அவருடைய ஒப்புதலோடு, அசையவைத்திருக்கிறார். கிளாரினெட்டின் முதல் இழுப்பில் ஒரே கோடு நீண்டு நியூயார்க் நகரமாக விரியும். எனக்கு அந்த 12 நிமிடங்கள் முழுப் படத்துக்கும் சமம்.

சொந்தமாக ஒரு சிறு இசைப் படம் செய்ய நினைக்கிறோம். எங்கே தொடங்குவது?

ஒன்று, நீளத்தைக் குறையுங்கள். ஒரு நிமிடம் போதும். அதிலேயே 1,440 ஃபிரேம் இருக்கிறது. நான்கு பேர் என்றால் இசையின் சொற்றொடர் முடியும் இடங்களில் பிரித்துக்கொள்ளுங்கள். நொடிக்கணக்கில் சமமாகப் பிரித்தால் ஒருவருடைய அசைவு பாதியில் அறுந்து அடுத்தவர் தலையில் விழும். வரையும் முன் எல்லோரும் ஒரே எக்ஸ்போஷர் தாளைச் சேர்ந்து நிரப்புங்கள். பென்சில் சோதனையை ஒருமுறை ஒலியை அணைத்துப் பாருங்கள். ஒலியில்லாமலும் அசைவு புரிந்தால் தைரியமாக மேலே போகலாம்.

இன்னொன்று, உரிமம். இந்தியச் சட்டப்படி இசைப் படைப்பின் பதிப்புரிமை இயற்றியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். பீத்தோவன், சைகோவ்ஸ்கி விஷயத்தில் கவலையில்லை. 1971இல் மறைந்த ஸ்ட்ராவின்ஸ்கியைத் தொடுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவின் உரிமை வேறு. அது வெளியாகி 60 ஆண்டுகள். பீத்தோவன் இலவசம் என்பதால் சென்ற ஆண்டு ஒரு குழு வாசித்து வெளியிட்ட பீத்தோவனும் இலவசம் என்று நினைத்துப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் ஊர் இசைப் பள்ளி மாணவர்களை வாசிக்கவைத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு பதிவு செய்வது மலிவான வழி. அவர்கள் பெயரையும் மறவாமல் திரையில் போடுங்கள்.